நாற்பத்தொரு தகவல்களும் மூன்று கிலோ ஆட்டிறைச்சியும்

அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். (பின்னால் யாராவது விசாரித்தால் பதில் கையில் இருக்க வேண்டும். நான் அப்படிப்பட்ட ஆள்.)

ஒன்று, நான். இரண்டு, என் மனைவி வதனி. மூன்று, மகள் ஆரணி, அப்போது பதின்மூன்று வயது. நான்கு, மகன் கவின், பத்து வயது. ஐந்து, அமெரிக்க எல்லையில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி. ஆறு, உள்ளே மண்டபத்தில் இருந்த பெண் அதிகாரி. ஏழு, மீன்பிடித் தொப்பி போட்ட ஒரு கியூபெக் கிழவர். அவரை எதற்காக மறித்து வைத்திருந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எட்டு, ஐஸ் பெட்டிக்குள் மூன்று கிலோ ஆட்டிறைச்சிக் கறி.

கறியை ஆள் கணக்கில் சேர்க்கலாமோ என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு நடந்ததில் எங்கள் நாலு பேரையும் விட அதற்குத்தான் பங்கு கூட.

அந்த இடத்தில் இல்லாமலே காரணமாக இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மொன்றியலில், நாங்கள் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்களுக்கு இறைச்சி வெட்டித் தரும் மணியண்ணை. மற்றவன் வதனியின் தம்பி சுதன்.

சுதன் பொஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்கிறான். அகதிக் கேஸ் முடியவில்லை. முடியும்வரை அமெரிக்காவை விட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. வதனி ஊரில் இருந்து வெளிக்கிட்டபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. நான் சொல்லும் இந்த நாளில் முப்பத்தேழு. பதினெட்டு வருசமாக அக்காவும் தம்பியும் தொலைபேசியில்தான் வளர்ந்தார்கள். நாங்கள் போவதென்றால் அவனுக்கு லீவு இல்லை. அவனுக்கு லீவு கிடைத்தால் எனக்கு பிஸ்கட் கொம்பனியில் ஆள் குறைவு. கடைசியில் ஜூலை மாதம், கியூபெக்கில் பாதிச் சனம் வேலையை மூடிவிட்டுக் கடற்கரைக்கு ஓடும் இரண்டு கிழமைக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொருந்தி வந்தது. எங்களுக்கு ஐந்து மணித்தியாலம், அவனுக்கு இரண்டு மணித்தியாலம் என்ற தூரத்தில், மெயின் மாநிலத்தில் ஒரு கடற்கரை. காலை பத்தரைக்கு நாங்கள் போய்ச் சேர்வது. பின்னேரம் நாலு மணிக்கு அவன் வெளிக்கிட வேண்டும். ஏழு மணிக்கு வேலை. ஐந்தரை மணித்தியாலம். பதினெட்டு வருசத்துக்கு அவ்வளவுதான் கிடைத்தது.

இதில் நான் செய்ய வேண்டியிருந்த வேலை ஒன்றே ஒன்று. கார் ஓட்டுவது. அதோடு நான் நின்றிருக்கலாம்.

இறைச்சி வாங்கப் போன இடத்தில் மணியண்ணை கேட்டார்.

"என்ன தம்பி, மூண்டு கிலோ? ஆரும் வருகினமோ?"

"இல்லையண்ணை. மெயினுக்குப் போறம்."

மணியண்ணை கத்தியைக் கீழே வைத்தார். அது அவர் அறிவுரை சொல்லப் போகிறார் என்பதற்கு அடையாளம். "போடரில கேள்வி கேப்பாங்கள், தெரியுமோ?"

"என்ன கேள்வி?"

"போற இடத்தைப் பற்றி. சுற்றுலா போறம் எண்டு சொல்லுவியள். சரி, அங்க என்ன இருக்கு எண்டு கேப்பாங்கள். தெரியாமல் முழுசினால் சந்தேகம். மச்சான்ர கதையை மட்டும் வாயிலயும் எடுக்காதேங்கோ. அவன்ர கேசுக்குப் பிரச்சினை வரும்." இதைச் சொல்லிக்கொண்டே ஆட்டுத் தொடையை அளவாக வெட்டிப் பையில் போட்டுத் தந்தார். (மணியண்ணை வாழ்க்கையில் ஒரு நாளும் அமெரிக்காவுக்குப் போனதில்லை. இதை நான் திரும்பி வந்த பிறகுதான் கேட்டு அறிந்தேன்.)

வேறு ஒருவன் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பான். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சோதனை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். கனடாக் குடியுரிமைச் சோதனையில் இருபது கேள்வி. பதினைந்து சரியாக வேண்டும். முதல் தடவை நான் எடுத்தது பதினாலு. அந்த ஒரு புள்ளி இன்னும் என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. இரண்டாவது தடவை முழுப் புத்தகத்தையும், ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி எழுதிப் பாடமாக்கி, பத்தொன்பது எடுத்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு நம்பிக்கை: எந்தப் பயத்துக்கும் மருந்து ஒரு கொப்பியும் பேனாவும்தான்.

ஆகவே ஒரு கொப்பி வாங்கினேன்.

ஆரணி கணினியில் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் தமிழ் எழுத்தில் ஆங்கிலம் எழுதினேன். மெயின் முன்பு மசாசூசெட்ஸின் ஒரு துண்டாக இருந்து, ஆயிரத்து எண்ணூற்றிருபதில் தனி மாநிலமானது. மாநில மிருகம் மூஸ். கலங்கரை விளக்கங்கள் அறுபதுக்கு மேல். காட்டு நீலப்பழம் அங்கே முழங்காலுக்கும் கீழே பற்றையாகக் காய்க்கிறது. வளைவு நெளிவையெல்லாம் சேர்த்து அளந்தால் அதன் கரை கலிபோர்னியாவின் கரையை விட நீளம். வடக்கில் இன்னும் பிரெஞ்சு பேசும் சனம் இருக்கிறது. அமெரிக்காவில் வேறு ஒரேயொரு மாநிலத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருப்பது மெயின்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது இருபத்தொன்பதாவது. காதுக்குக் குளிர் தாங்காத பதினைந்து வயதுப் பெடியன் ஒருவன், கம்பியை வளைத்து இரண்டு பக்கமும் மென்மயிர் வைத்துத் தைப்பித்து, காதுமூடியைக் கண்டுபிடித்த இடமும் மெயின்தான். அவனும் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவன். இதை எழுதியபோது கொப்பியில் இரண்டு தரம் கோடு போட்டேன்.

பிள்ளைகளுக்கும் பாடமாக்கினேன். ஒரு தகவலுக்கு ஒரு டொலர் என்று ஆசை காட்டினேன். பணம் என்றதும் கவின் படித்த வேகத்தைப் பார்த்திருந்தால் அவனுடைய பள்ளிக்கூட ஆசிரியை அழுதிருப்பார்.

வதனி மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, என்ர தம்பியைப் பாக்கப் போறதுக்கு நான் ஏன் மூஸைப் பற்றிப் படிக்க வேணும்?"

"கேட்டால் என்ன சொல்லுவீர்?"

"தம்பியைப் பாக்கப் போறன் எண்டு சொல்லுவன்."

"ஐயோ, அதைத்தான் சொல்லக் கூடாது!"

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. அந்த நேரம் நான் நாற்பத்தோராவது தகவலை எழுதிக்கொண்டிருந்தேன்: அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் ஏறும் நேரம், வற்றும் நேரம். (பிள்ளைகளைக் கடல் கொண்டுபோய்விடும் என்ற பயம்.)

விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம். வதனி அதற்கும் முன்னால் எழும்பிக் கறி வைத்திருந்தாள். சுதனுக்குப் பிடித்த மாதிரி எலும்போடு, தூள் கொஞ்சம் தூக்கலாக, பிரட்டலாக. கார் முழுக்க அந்த வாசம். பத்தாம் நெடுஞ்சாலையில் பாலம் தாண்டுவதற்கு முன்பே கவின் "ஒரு துண்டு" என்றான். வதனி, "அது மாமான்ர. தொட்டால் கை முறிப்பன்" என்றாள். அவ்வளவு சந்தோசமாக அவள் யாரையும் வெருட்டி நான் கேட்டதில்லை.

ஏழு மணிக்கு எல்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி கடவுச்சீட்டுகளை வாங்கிக்கொண்டு, கொட்டாவியோடு கேட்டார்.

"எங்கே போகிறீர்கள்?"

"மெயின்" என்றேன். அதோடு வாயை மூடியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. எனக்கு அவர் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் போல இருந்தது. "ஆயிரத்து எண்ணூற்றிருபதில் மாநிலமானது, சேர். முதல் மசாசூசெட்ஸோடு இருந்தது. மாநில மிருகம் மூஸ்."

அவருடைய கொட்டாவி பாதியில் நின்றது.

"அங்கே யாரையாவது சந்திக்கப் போகிறீர்களா?"

மணியண்ணையின் முகம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. "லொப்ஸ்டர்" என்றேன்.

"என்ன?"

"அமெரிக்காவில் அதிகமாக லொப்ஸ்டர் பிடிப்பது அங்கேதான், சேர். உயிரோடு இருக்கும்போது பச்சையும் மண்ணிறமுமாக இருக்கும். அவித்தால்தான் சிவப்பு."

பின் சீற்றில் ஆரணி முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டாள். அதிகாரி குனிந்து எங்கள் எல்லோரையும் ஒரு தரம் பார்த்தார்.

"ஐயா, நீங்கள் இப்போது நிற்பது வெர்மாண்ட் என்று தெரியுமா?"

எனக்குத் தெரியாது. மெயினுக்குப் போகிறவன் மெயினுக்குள்தான் நுழைவான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் வந்த வழி வெர்மாண்டுக்குள் நுழைந்து, நியூ ஹாம்ப்ஷயரைக் குறுக்கறுத்து, அதற்குப் பிறகுதான் மெயினாம். இரவு பகலாகப் படித்துவிட்டு வேறு பாடத்தின் சோதனை அறைக்குள் போய்க் குந்தியிருந்தேன். "வெர்மாண்டைப் பற்றி..." என்று தொடங்கி நின்றுவிட்டேன். கவின்தான் என்னைக் காப்பாற்றப் பார்த்தான்.

"மேப்பிள் சிரப்!" என்றான் பின்னால் இருந்து.

அதிகாரி சிரிக்கவில்லை. ஒரு மஞ்சள் துண்டை எழுதிக் கண்ணாடியில் சொருகிவிட்டு, வலது பக்கம் கையைக் காட்டினார்.

உள்ளே மண்டபத்தில் கதிரைகள், ஒரு நீள மேசை, மீன்பிடித் தொப்பிக் கிழவர். பெண் அதிகாரி காரைச் சோதித்துவிட்டு இரண்டு சாமான்களோடு வந்தா. ஒரு கையில் ஐஸ் பெட்டி. மற்றக் கையில் என் கொப்பி.

"இது என்ன மொழி?"

"இங்கிலீஷ்" என்றேன்.

அவ கொப்பியைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தா. ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை இலக்கம் போட்ட வரிகள். ஒன்றின் கீழே இரட்டைக் கோடு. கடைசிப் பக்கத்தில் திகதியும் நேரங்களும்.

"இந்த நேரங்கள்?"

"கடல் ஏறுகிற நேரம், மடம். இது வற்றுகிற நேரம்."

அவ அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தா. கரைக்கு எது எப்போது வந்து இறங்கும் என்று குறித்து வைத்திருக்கும் கடத்தல்காரனுக்கும் எனக்கும் அப்போது இருந்த ஒரே வித்தியாசம், அவன் இவ்வளவு நடுங்கமாட்டான் என்பதுதான். இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். எங்கெங்கோ தொலைபேசி எடுத்தார்கள். மணி எட்டானது. எட்டரையானது. வதனி சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பெண் அதிகாரி வந்து கொப்பியை என் கையில் தந்தா. "முதலில் இருந்து வாசியுங்கள்."

நான் எழும்பி நின்று வாசித்தேன். கதிரையில் இருந்தபடி வாசிக்கச் சொன்னார்களோ தெரியாது. சோதனை என்றால் எனக்கு எழும்பித்தான் பழக்கம். கலங்கரை விளக்கம், நீலப்பழம், கலிபோர்னியாவின் கரை எல்லாம் வந்தன. அவ தன் கைத்தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தா. இருபத்தொன்பதாவது வந்தபோது மட்டும் நிமிர்ந்து பார்த்து, "உண்மையாகவா? காதுமூடியா?" என்று கேட்டா. நாற்பத்தொன்று முடிந்ததும் மீன்பிடித் தொப்பிக் கிழவர் கை தட்டி, "பிராவோ, முசியூ!" என்றார். அமெரிக்கர்கள் யாரும் தட்டவில்லை.

"ஏன் இதெல்லாம் படித்தீர்கள்?"

"முந்தி ஒரு சோதனையில் ஒரு புள்ளியால் தவறிவிட்டேன், மடம்."

அவவுக்கு விளங்கவில்லை. அவ என்னை விட்டுவிட்டு வதனியின் பக்கம் திரும்பினா. "நீங்கள் சொல்லுங்கள். எதற்காகப் போகிறீர்கள்?"

நான் கண்ணால் சாடை காட்டினேன். வதனி என்னைப் பார்க்கவேயில்லை. அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்.

"என் தம்பி. பதினெட்டு வருசம்."

அவ்வளவுதான். ஐஸ் பெட்டியைக் காட்டி, "அவனுக்கு" என்றாள்.

பெண் அதிகாரி பேனாவை வைத்தா. அவனுடைய பெயர் என்ன, எங்கே இருக்கிறான், ஏன் அவன் கனடாவுக்கு வரவில்லை என்று கேட்டா. வதனி எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னாள். பூகம்பம் எதுவும் வரவில்லை. யாரும் அவனைப் பிடிக்க ஓடவில்லை. "இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கடவுச்சீட்டுகளைத் திருப்பித் தந்தா. நாற்பத்தொரு பதிலால் திறக்காத கதவு அது.

ஆனால் கறியை விடவில்லை.

"ஆட்டிறைச்சி உள்ளே கொண்டுபோக முடியாது. மன்னிக்க வேண்டும். மாட்டிறைச்சி என்றால் பார்க்கலாம்."

"எங்கட வீட்டில மாடு சமைக்கிறேல்லை" என்றாள் வதனி, தமிழிலேயே. அவவுக்கு அது விளங்கியது போலத்தான் இருந்தது. மூடிபோட்ட பெரிய தொட்டி ஒன்று இருந்தது. கறியை அதற்குள் கொட்டும்போது வாசம் மண்டபம் முழுக்கப் பரவியது. கிழவர் தொப்பியைக் கழற்றினார். வதனி அழவில்லை. பாத்திரத்தைக் கழுவ இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

நாங்கள் வெளியே வந்தபோது பத்து மணி. நியூ ஹாம்ப்ஷயர் முடியும்வரை வதனி வெறும் பாத்திரத்தை மடியிலேயே வைத்திருந்தாள். மெயினுக்குள் நுழையும் பலகையைக் கண்டதும் கவின் பழக்கதோசத்தில், "ஆயிரத்து எண்ணூற்றி..." என்று தொடங்கினான். ஆரணி அவனுடைய வாயைப் பொத்தினாள்.

ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கடற்கரை முழுக்க நீச்சலுடையில் சனம். நடுவில் முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, மினுக்கிய சப்பாத்தோடு ஒருவன் மணலில் நின்றான். காலை பத்து மணியில் இருந்து அப்படியே நின்றிருக்கிறான். படங்களில் பார்த்ததை விடத் தலைமயிர் குறைவு.

வதனி ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் மெல்லத்தான் நடந்தாள். கிட்டப் போய் அவனுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "கறி கொண்டுவந்தனான்டா. எறிஞ்சுபோட்டாங்கள்" என்றாள். அப்போதுதான் அழுகை வந்தது.

"பரவாயில்லையக்கா. நான் விடிய இருந்து சாப்பிடேல்லை எண்டதுதான் பிரச்சினை" என்றான் சுதன்.

லொப்ஸ்டர் (எங்கள் ஊரில் சிங்கி றால்) வைத்த பாண் ஐந்து வாங்கிக்கொண்டு குந்தினோம். அதற்குப் பிறகு ஒரு மாதிரியான நேரம். இதைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை. பதினெட்டு வருசம் காத்திருந்து சந்திக்கிற இருவருக்கு, முதல் பத்து நிமிசத்துக்குப் பிறகு என்ன கதைப்பது என்று தெரிவதில்லை. தொலைபேசியில் எல்லாம் கதைத்தாயிற்று. பிள்ளைகளோ மாமாவின் முகத்தைப் பார்க்கவே வெட்கப்பட்டார்கள். எல்லோரும் பாணைப் பார்த்துக்கொண்டு மென்றோம். அவர்களுடைய ஐந்தரை மணித்தியாலத்தில் மூன்றைத் தின்றவன் நான். அந்தப் பதற்றத்தில், வேறு எதுவும் தெரியாத காரணத்தால், வாயைத் திறந்தேன்.

"ஒரு காலத்தில இஞ்ச லொப்ஸ்டர் ஏழையளின்ர சாப்பாடு. சிறையில இருக்கிறவைக்கும் வேலைக்காரருக்கும்தான் குடுக்கிறவையாம்."

வதனி தலையில் கையை வைத்தாள். சுதன் கையில் இருந்த பாணைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அப்ப இது எங்களுக்கெண்டே செய்து வைச்ச சிங்கி றால்தான், அத்தான்" என்றான்.

முதலில் சிரித்தது வதனி. அழுத கண்ணோடு அவள் சிரிக்க, ஆரணிக்கும் பிடித்துக்கொண்டது. "வேற என்ன இருக்கு?" என்று சுதன் கேட்டதுதான் தாமதம், கவின் எழும்பி நின்றான். மூஸ் என்றான், நீலப்பழம் என்றான். சுதன் குறுக்குக் கேள்வி கேட்டான். "டேய், மூஸ் எண்டால் மாடோ மானோ?" "மாமா, அது மான் குடும்பம்!" "அப்ப அதைக் கறி வைக்கலாமோ?" என்று அவர்கள் தொடங்கியது பெரிய சண்டையாகிவிட்டது. ஆரணி எல்லையில் நான் நின்ற மாதிரி நின்று, குரலை நடுங்கவிட்டு, "லொப்ஸ்டர், சேர்" என்று நடித்துக் காட்டினாள். சுதன் மணலில் சாய்ந்து விழுந்து சிரித்தான். இவ்வளவு வருசம் இரண்டு மணித்தியாலத் தூரத்தில் இருக்கிறான், இதை எல்லாம் அவனுக்கு ஒருவரும் சொன்னதில்லை. அதற்குள் கடல் ஏறி வந்து அவனுடைய மினுக்கிய சப்பாத்தில் ஒன்றை இழுத்துக்கொண்டு போனது. (நாற்பத்தோராவது தகவல். நேரம் மிகச் சரியாக இருந்தது.) கவின்தான் ஓடிப் பிடித்தான்.

நாலு மணிக்கு அவன் எழும்பினான். நாங்களும் போய்க் காரில் ஏறினோம். காரடிக்கு வந்து, என் பக்கக் கண்ணாடிக்குள் குனிந்தான்.

"அத்தான், உங்கட கொப்பியில இல்லாத ஒண்டு சொல்லட்டோ? அமெரிக்காவில சூரியன் உதிக்கிற பக்கமாக் கடைசி முனை இருக்கிறதும் மெயினிலதான். சிவப்பும் வெள்ளையுமா வரி போட்ட கலங்கரை விளக்கம் ஒண்டு இருக்கு. அதடியில நிண்டால் தண்ணிக்கு அங்கால கனடா தெரியும்."

"எப்பிடித் தெரியும் உமக்கு?"

"வந்த புதுசில ஒருக்காப் போய் நிண்டு பாத்தனான். கிட்டத்தான் இருக்கு. நீந்தத் தெரிஞ்சவன் எண்டால் நீந்திப் போயிடலாம்." அவன் சிரித்தான். "எனக்கு நீந்தத் தெரியாது."

வதனி மடியில் இருந்த வெறும் பாத்திரத்தை இறுக்கிப் பிடித்தாள். பின் சீற்றில் இருந்து கவின்தான் சொன்னான்.

"அது நாப்பத்திரண்டு. அப்பா, மாமாவுக்கு ஒரு டொலர் குடுங்கோ."

நான் சட்டைப்பையைத் தடவினேன். கனடாக் காசு ஒரு டொலர்க் குற்றி இருந்தது. நீட்டினேன். சுதன் என் விரல்களை மடக்கி அதற்குள்ளேயே வைத்தான்.

"இஞ்ச இது செல்லாது, அத்தான். மொன்றியலில தாங்கோ."

இது நடந்து எட்டு வருசம். பிள்ளைகளின் நாற்பத்தொரு டொலரை வீட்டுக்கு வந்த அன்றே கொடுத்துத் தீர்த்துவிட்டேன். மணியண்ணையிடம் இப்போதும் இறைச்சி வாங்குகிறேன், அறிவுரை வாங்குவதில்லை. வீட்டில் யாராவது கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் மற்றவர்கள் ஒரே குரலில் "லொப்ஸ்டர், சேர்" என்கிறார்கள். அந்த யாராவது பெரும்பாலும் நான்தான். சுதனின் கேஸ் இன்னும் நடக்கிறது. ஞாயிறுதோறும் அவன் தொலைபேசி எடுக்கும்போது வதனியிடம் சுகம் கேட்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, "அத்தான், என்ர காசு எங்க?" என்கிறான். நானும் "வந்து வாங்கும்" என்கிறேன். காரில் கோப்பை வைக்கும் குழிக்குள் அந்தக் குற்றி கிடக்கிறது. தரிப்பிடத்துக்குச் சில்லறை இல்லாமல் அபராதம் கட்டிய நாளிலும் ஒருவரும் அதைத் தொட்டதில்லை.

சுதனுக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது: ஒரு டொலர். கனடாக் காசு.